வரைபுத்தகத்தை அழகுப் போட்டி ஆக்காதீர்கள்

எஸ்பிஎம் முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அக்கா, எனக்குக் கட்டடக்கலை பிடிக்கும். ஆனா நல்லா வரைய வராது. சேரலாமா?" சிலரிடமிருந்து இதற்கு நேர் எதிரான கேள்வி வரும். "இப்பதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே வரைஞ்சிடுதே, நீங்க ஏன் இன்னும் பென்சிலைப் பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க?"

நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். இந்த இரண்டு கேள்விகளும் வெவ்வேறு பக்கம் போவதுபோல் தோன்றினாலும் வேர் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. மனத்தில் முழுதாக உருவாகிவிட்ட ஒரு கட்டடத்தை, மற்றவர்கள் பார்த்து ரசிக்கும்படி தாளில் இறக்கிவைப்பதுதான் வரைதல் என்ற எண்ணம் அது. அது உண்மையாக இருந்தால் வாதமே வேண்டாம். கணினி அந்த வேலையை நம்மைவிடச் சுத்தமாகச் செய்யும். ஆனால் ஒரு வடிவமைப்பின் முதல் இரண்டு மூன்று வாரங்களில் மனத்தில் கட்டடம் எதுவும் இருப்பதில்லை. ஒரு மனை இருக்கும். அங்கு வந்து போகப்போகிற மனிதர்களின் தேவைகள் சில இருக்கும். மிச்சம் முழுக்கக் குழப்பம். அந்தக் குழப்பத்தோடு உட்கார்ந்து பேசுவதற்குத்தான் வரைபுத்தகம்.

ரெவிட் போன்ற மென்பொருளில் ஒரு சுவர் போட வேண்டுமானால், அது எந்த வகைச் சுவர், எவ்வளவு தடிப்பு, எந்தத் தளத்திலிருந்து எந்த உயரம் வரை என்பதற்கெல்லாம் கோடு விழும் முன்பே ஒரு பதில் வேண்டும். நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் தன்னிடம் உள்ள ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளும். 115 மில்லிமீட்டர் செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் அந்த இடத்தில் சுவர் வருமா, வெறும் தூண் வரிசை வருமா, இடுப்பளவு செடி வேலி போதுமா என்பதே நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தடிப்பு சொல்லியாகிவிட்டது. அடுத்த நாள் கோப்பைத் திறந்தால் அது திரையில் உறுதியாக நிற்கிறது. நின்றுவிட்டதை இடிக்க யாருக்கும் மனம் வராது. அதைச் சுற்றியே மற்ற அறைகள் வளர்ந்துவிடும்.

பென்சில் கோடு அப்படி எதையும் கேட்பதில்லை. 'இங்கே ஏதோ ஒன்று இரண்டு இடங்களைப் பிரிக்கிறது' என்று சொல்வதோடு நின்றுகொள்ளும். என்ன பிரிக்கிறது என்பதைப் பத்து நாள் கழித்து முடிவு செய்யலாம். எங்கள் ஸ்டூடியோவில் எல்லாருடைய மேசையிலும் பட்டர் பேப்பர் சுருள் கிடக்கும். கீழே உள்ளது மங்கலாகத் தெரியும் மெல்லிய தாள் அது. நேற்று வரைந்ததன்மேல் விரித்து, வேண்டியதை மட்டும் திரும்ப இழுத்து, வேண்டாததை அப்படியே கீழே விட்டுவிடலாம். அழிப்பான் தேவையில்லை. பத்துத் தாள் சேர்ந்ததும் அடுக்கிப் பார்த்தால் யோசனை எந்த வழியாக வந்தது என்பது தெரியும். எந்த முடிவில் மனம் மாறியது, எதை அவசரமாக விட்டோம், எதற்குத் திரும்பிப் போகலாம் என்பதெல்லாம் அங்கே இருக்கும். கணினியில் 'சேவ்' செய்த கோப்பில் கடைசி நிலை மட்டுமே மிஞ்சுகிறது.

டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஒரு கட்டடக்கலை மாணவியும் அவருடைய ஆசிரியரும் பேசிக்கொள்வதை வரிக்கு வரி ஆராய்ந்திருக்கிறார். மாணவியின் திட்டம் ஒரு தொடக்கப்பள்ளி. மனை சரிவானது, கட்டடம் அந்தச் சரிவோடு ஒட்ட மறுக்கிறது, மாணவி திணறுகிறார். ஆசிரியர் விரிவுரை எதுவும் நடத்தவில்லை. மாணவியின் படத்தின்மேல் ஒரு மெல்லிய தாளை விரித்து, பேசிக்கொண்டே வரையத் தொடங்குகிறார். ஒரு கோடு போட்டதும் அதனால் என்ன விளைகிறது என்று பார்க்கிறார். அந்த விளைவுக்குப் பதிலாக அடுத்த கோடு. வடிவமைப்பாளர் தன் கையிலுள்ள சூழலோடு நடத்தும் உரையாடல் இது என்று ஷோன் விளக்குகிறார். நாற்பது ஆண்டு கழித்து எங்கள் ஸ்டூடியோவிலும் நல்ல விரிவுரையாளர்கள் அச்சாக இதைத்தான் செய்கிறார்கள். மேசையருகே வந்ததும் வாயைவிடக் கை முதலில் நகரும்.

1997-இல் மசாகி சுவா, பார்பரா டிவெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். தொழில் செய்யும் கட்டடக்கலைஞர்களையும் மாணவர்களையும் ஓர் அருங்காட்சியகத்தை வரையச் சொல்லி, அதைக் காணொலியில் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு கோடு போடும்போதும் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார்கள். அனுபவசாலிகள் தாங்களே வரைந்த கோடுகளுக்கிடையே, வரையும்போது நினைத்திராத உறவுகளையும் படித்தெடுத்தார்கள். அவர்கள் திறமை அழகாக வரைவதில் மட்டும் இல்லை. தம் கிறுக்கலை வாசிப்பதிலும் இருந்தது. 'நல்லா வரைய வராது' என்று தயங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்பும் செய்தி இதில் இருக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம். அது பிறவிக் கொடை அல்ல, பழக்கம்.

பழக்கம் என்றால் எப்படி? நான் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு சுபாங் ஜெயாவில் உள்ள மெசினியாகா கோபுரம். கென் யாங் வடிவமைத்து 1992-இல் முடிந்த கட்டடம்; 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. இணையத்தில் அதன் படங்கள் நிறைய உண்டு. பார்ப்பதற்கு ஏதோ விண்வெளிக் கலம்போல் இருக்கும். படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியாது. இப்போது ஒரு வட்டம் போடுங்கள். வலப்பக்கம் கிழக்கு என்று குறித்து, காலை வெயிலுக்கு ஓர் அம்பு போடுங்கள். அந்தப் பக்கமாக மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் ஒரு கட்டியாகத் தள்ளுங்கள். அலுவலகத்துக்குள் வெயில் நேராக வராமல் அந்தக் கட்டி தடுக்கிறது; கழிவறைக்கும் படிக்கட்டுக்கும் இயற்கை வெளிச்சமும் காற்றும் கிடைக்கின்றன. பிறகு கட்டடத்தைச் சுற்றித் திருகாணி மரைபோல ஏறும் செடிமாடங்களை ஒரு வளைகோடாகப் போடுங்கள். முப்பது வினாடி வேலை. கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் அதை வரைந்த பிறகு, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், காலையும் மாலையும் வெயில் தாழ்வாக வந்து அடிக்கும் ஒரு நாட்டில் உயர்ந்த கட்டடம் எப்படி இருக்கலாம் என்பது பற்றி உங்களுக்கு ஒரு கருத்து வந்திருக்கும். நூறு புகைப்படம் பார்த்தாலும் அது வராது.

மைக்கேல் கிரேவ்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக்கலைஞர் 2012-இல் நாளேடு ஒன்றில் எழுதிய கட்டுரையில், கைவரைவுகளை மூன்றாகப் பிரித்தார். கண்ணில் பட்டதை நினைவுக்காகக் குறித்துவைப்பது ஒன்று. ஒரு வடிவமைப்பைத் தேடித்தேடி வரைவது இன்னொன்று. முடிந்த வடிவமைப்பை அளவோடு தீர்மானமாக வரைவது மூன்றாவது. மூன்றாவதைக் கணினி எடுத்துக்கொண்டுவிட்டது. அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை என்பது என் கருத்து. கட்டுமானத் தளத்துக்குப் போகும் வரைபடத்தில் ஒரு சன்னலை நகர்த்தினால் மற்ற இருபது தாள்களிலும் அதுவே நகர வேண்டும். அதை இரவெல்லாம் பிளேடால் சுரண்டித் திருத்திய காலத்தைப் பற்றி மூத்தவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். திரும்பிப் போக எனக்கு ஆசையில்லை. என் கவலை முதல் இரண்டைப் பற்றியது. அவற்றையும் நாம் சத்தமில்லாமல் கணினியிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கொடுத்துவிட்டு, கொடுக்காததுபோல் நடிக்கவும் செய்கிறோம். இதைச் சொன்னால் என் வகுப்பு நண்பர்கள் என்னை அடிக்க வருவார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

பல கட்டடக்கலைத் துறைகளில் பருவ இறுதியில் வரைபுத்தகத்தையும் ஒப்படைக்க வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு. நோக்கம் நல்லதுதான். மாணவர் எப்படி யோசித்தார் என்று பார்ப்பதற்கு. ஆனால் நடப்பது என்ன? பருவம் முழுக்க மடிக்கணினியிலேயே வேலை நடக்கும். 'கிரிட்' என்று நாங்கள் சொல்லும் மதிப்பீட்டு நாளுக்கு முந்தைய இரவு, முடிந்த வடிவத்தைத் திரையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி 'ஆரம்பக் கிறுக்கல்கள்' தயாராகும். முதல் வாரக் கிறுக்கல் கொஞ்சம் தெளிவில்லாமல், மூன்றாம் வாரம் கொஞ்சம் தெளிவாக, ஐந்தாம் வாரம் இறுதி வடிவத்துக்கு அருகே. கூடவே வாட்டர்கலர், கையெழுத்தில் அம்புக்குறிகள், ஓரத்தில் ஒரு காப்பிக் கறை. கறை வைப்பதில் ஒருவன் பெரிய நிபுணன். நெஸ்காஃபேதான் நல்ல நிறம் தரும் என்பது அவன் ஆராய்ச்சி முடிவு.

சிரித்துவிட்டு விடலாம். ஆனால் இதில் தோற்றுப்போகிறவர் யார் என்று பாருங்கள். உண்மையிலேயே வரைபுத்தகத்தில் யோசித்த மாணவியின் ஏடு அசிங்கமாக இருக்கும். பாதிப் பக்கங்களில் குறுக்குக்கோடு. ஒரு படிக்கட்டையே எட்டு முறை போட்டிருப்பாள். பேருந்தில் ஆடிக்கொண்டே வரைந்த கோடுகள் நடுங்கியிருக்கும். இரவோடு இரவாகத் தயாரித்த ஏடு கண்காட்சிபோல் பளபளக்கும். புரட்டிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்றால் மதிப்பெண் எதற்குப் போகும்? அழகுக்கு மதிப்பெண் கொடுத்தால் மாணவர்கள் அழகைத்தான் கொடுப்பார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பருவ இறுதியில் ஒரு தடவை வாங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் அந்த ஏட்டை மேசைமேல் விரித்து, 'இந்தப் பக்கத்தில் எதைக் கைவிட்டாய், ஏன்?' என்று விரிவுரையாளர் கேட்டால் போதும். பொய்க் கிறுக்கல் அந்தக் கேள்விக்குமுன் நிற்காது. மதிப்பெண் அட்டவணையில் 'படத்தின் தரம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'மாற்று யோசனைகளின் எண்ணிக்கை' என்று ஒரு வரி போடலாம். விரிவுரையாளர்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். பருவ இறுதியில் நாற்பது பளபளப்பான ஏடுகளைப் புரட்டும் நேரத்தை இதற்குக் கொடுக்கலாமே.

இங்கே எதிர்த்தரப்பு வாதம் ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. கைவரைவு பொய் சொல்லும். கட்டடக்கலை வரலாற்றின் பெரிய உதாரணம் சிட்னி ஓப்பரா ஹவுஸ். 1957-இல் 233 போட்டி வடிவங்களிலிருந்து டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சானின் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவர் அனுப்பிய படங்கள் மிக எளிமையானவை. துறைமுகத்தின்மேல் பாய் விரித்ததுபோன்ற கூரைகள், பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஆனால் அந்த வளைவுகளுக்குக் கணக்கு இல்லை. எப்படிக் கட்டுவது என்று பொறியாளர்களோடு பல ஆண்டுகள் மோதி, எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்தின் மேற்பரப்பிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற தீர்வு 1961-இல்தான் கிடைத்தது. அதற்குள் அடித்தள வேலை தொடங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட கட்டடம், 1973-இல் திறக்கப்பட்டபோது 10 கோடியே 20 லட்சம் டாலரை விழுங்கியிருந்தது. உட்சான் 1966-இலேயே விலகிப்போய்விட்டார்.

ஆகவே 'ஒரு கிறுக்கலில் பிறந்த அற்புதம்' என்ற கதைகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. லண்டனின் ஷார்ட் கோபுரத்தை ரென்சோ பியானோ உணவகத்து மெனுவின் பின்புறம் வரைந்தார் என்ற கதை எல்லா விரிவுரையிலும் வரும். கேட்கும் மாணவன், மேதைக்கு ஒரு கோடு போதும், நமக்கு அது வராது என்று முடிவுகட்டிக்கொள்கிறான். அந்த மெனுவுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையிலான ஆண்டுகளில் எத்தனை தாள்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. சிட்னி எனக்குக் கற்றுத்தருவது, கிறுக்கலை நம்பாதே என்பதல்ல. தரைப்படத்தோடும் குறுக்குவெட்டுப் படத்தோடும் சேர்த்துக் கிறுக்கு என்பது. வெளித்தோற்றத்தை மட்டும் வரைவது கட்டடக்கலை வரைவில் பாதிகூட இல்லை. வரையும்போதே எண்களையும் எழுதிவிடுங்கள். நம் நாட்டுக் கட்டட விதிப்படி ஒரு படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. கால் வைக்கும் அகலம் 255 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. இந்த இரண்டு எண்ணை ஓரத்தில் எழுதிக்கொண்டு, 3.6 மீட்டர் ஏற எத்தனை படி, அதற்கு எவ்வளவு நீளம் என்று போட்டுப் பாருங்கள். இருபது படி, ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், நடுவே நின்று மூச்சு வாங்க ஒரு மேடை வைத்தால் இன்னும் கூடும். 'மூலையில் ஒரு படிக்கட்டு' என்று மனம் லேசாக நினைத்தது எவ்வளவு இடத்தைத் தின்னும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு தரும் படங்களில் நான் காணும் சிக்கலும் இதுவே. 'மழைக்காட்டு ஓரத்தில் ஒரு சமூக மண்டபம், மூங்கில் கூரை, மாலை வெளிச்சம்' என்று தட்டினால் சில வினாடியில் நான்கு படங்கள். நான்கும் என் மூன்று வார வேலையைவிட அழகு. ஆனால் படிக்கட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்று விரல் வைத்துத் தொடர்ந்தால் சுவரில் முட்டும். தரைப்படம் கேட்டால் அதோடு ஒட்டாத வேறொரு படம் வரும். அது நாளை சரியாகிவிடலாம். அப்படிச் சரியானாலும் என் தயக்கம் போகாது. முழுதாக முடிந்த அழகான படம் ஒன்று முதல் நாளிலேயே கண்முன் வந்துவிட்டால், அதற்குப் பிறகு மனம் தேடுவதை நிறுத்திவிடுகிறது. தொழில்நுட்பத்தின் மீது எனக்குப் பகை இல்லை. 1963-இல் எம்ஐடியில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய, கணினித் திரையில் பேனாவால் கோடு போடும் முன்னோடி மென்பொருளுக்கே 'ஸ்கெட்ச்பேட்' என்றுதான் பெயர். கிறுக்குவதற்கு உதவத்தான் கணினி முதலில் இந்தப் பக்கம் வந்தது.

மாணவர்களுக்கு வெளியேயும் இதில் நட்டம் இருக்கிறது. அதைச் சொல்ல என் பாட்டியை இழுக்க வேண்டும்.

போன ஆண்டு வீட்டமைப்பு பற்றிய ஒரு பாடத்துக்காக, பாட்டி சிறுவயதில் வாழ்ந்த தோட்ட லயத்து வீட்டைப் பற்றிக் கேட்டேன். அந்த லயம் இப்போது இல்லை. நிலம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. 'எப்படி இருந்துச்சு பாட்டி?' என்று கேட்டபோது, 'என்ன, சாதாரண பலகை வீடுதான்' என்பதோடு முடித்துவிட்டார். பிறகு நான் ஒரு நீள்சதுரம் போட்டு, முன்பக்கம் ஒரு கதவு வைத்தேன். உடனே குரல் மாறியது. "இல்லம்மா, கதவு நடுவுல இல்ல, இந்த ஓரம். முன்னால அஞ்சடி இருக்கும். தாத்தா அங்கதான் சைக்கிளைச் சாத்துவாரு." அஞ்சடியைப் போட்டேன். "அடுப்பு உள்ளே இல்ல. பின்னால தனியா. மழை பெஞ்சா நனைஞ்சிக்கிட்டுத்தான் குழம்பைத் தூக்கிட்டு வரணும்." பின்கட்டைத் தனியாகப் போட்டேன். பொதுக் குழாய் லயத்தின் எந்த முனையில் இருந்தது, விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆயாக் கொட்டகைக்கு எந்தப் பக்கமாகப் போவார்கள், பக்கத்து வீட்டுப் பேச்சு எந்தப் பலகை இடுக்கு வழியாகக் கேட்கும் என்று வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் என் விளக்கம் பிடிக்காமல், பென்சிலைப் பிடுங்கிக் கால்வாய் எப்படி வளைந்தது என்று தானே ஒரு கோடு போட்டார். தனக்கு ஒரு கோடு போடக்கூடத் தெரியாது என்று சொல்கிறவர் அவர்.

அதே வீட்டை நான் முதலில் கணினியில் நிழலும் வெளிச்சமும் சேர்த்து உருவாக்கிக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ரொம்ப நல்லா இருக்கும்மா." அவ்வளவுதான். முடிந்துபோன படத்தைத் திருத்த யாருக்கும் துணிவு வராது. அதைச் செய்தவரின் உழைப்பைக் கெடுப்பதுபோல் இருக்கும். முடியாத படம்தான் அடுத்தவரை உள்ளே கூப்பிடும்.

கோயில் திருப்பணிக் கூட்டங்களிலும் பள்ளிக் கட்டடக் குழுக் கூட்டங்களிலும் இதை நினைத்துப் பார்க்கிறேன். பெரிய அட்டையில் பளபளப்பான படம் ஒன்றை மேடையில் வைப்பார்கள். கைதட்டல், புகைப்படம், ஒப்புதல். மடப்பள்ளியில் நின்று ஐந்நூறு பேருக்குச் சமைக்கப்போகிற அம்மாவிடம், புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யார் கேட்டார்கள்? கேட்டாலும் அந்தப் படத்தின் முன் நின்று அவர் என்ன சொல்வார்? அதற்குப் பதில், கட்டடக்கலைஞர் ஒரு பட்டர் பேப்பரை மேசையில் விரித்து, அவர் பேசப்பேச அங்கேயே வரைந்தால் கூட்டம் இரண்டு மணி நேரம் கூடுதலாக இழுக்கும். கட்டி முடித்த பிறகு இடித்துக் கட்டும் செலவைவிட அது மலிவு. கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர், பயன்படுத்திய காகிதங்களின் பின்புறத்தில் வரைந்து, கொத்தனாரோடு தளத்திலேயே பேசி மாற்றி மாற்றிக் கட்டியவர். சாமானியர் தாமே வீடு கட்டிக்கொள்ள உதவும் சிறு கையேடுகளை, தம் கையெழுத்திலும் தம் கோட்டுப் படங்களிலுமே போட்டார். படிக்கிறவர் 'இது நமக்கும் புரிகிறதே' என்று நினைக்க வேண்டும் என்பதில் அவருக்கு அக்கறை இருந்தது.

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு அவசரமும் இருக்கிறது. யுடிஎம் பல்கலைக்கழகத்தின் 'கலாம்' மையத்தில், மலாய்ப் பாரம்பரிய வீடுகளையும் பள்ளிவாசல்களையும் மாணவர்கள் நேரில் போய் அளந்து வரைந்த படங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்துவைக்கப்பட்டிருக்கின்றன. இடிந்துபோன வீடுகள்கூட அங்கே தாளில் நிற்கின்றன. நல்ல பணி. நம் லயங்களுக்கு, பால் கொட்டகைகளுக்கு, தோட்டத்துத் தகரக்கூரைக் கோயில்களுக்கு அப்படி யார் செய்தார்கள்? பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' இன்று இல்லை, புகைப்படங்கள் இருக்கின்றன. புகைப்படம் முகப்பைக் காட்டும். உள்ளே எத்தனை அடி, சமையலறையிலிருந்து முற்றத்துக்கு எத்தனை படி, மாலையில் எந்தத் திண்ணையில் நிழல் விழும் என்பதை அது சொல்லாது. அதை அளந்து வரைய பட்டம் தேவையில்லை. படிவம் நான்கு மாணவருக்கும் முடியும். பல்கலைக்கழக இந்திய மாணவர் மன்றங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கலை இரவுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு வார இறுதியை இதற்கு ஒதுக்கினால், ஒரு லயத்தையாவது முழுதாகத் தாளில் ஏற்றிவிடலாம். கலை இரவு வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் ஆடுகிறேன்.

போவதென்றால் கொஞ்சம் நடைமுறை. விலை உயர்ந்த தோல் அட்டை ஏடு வேண்டாம். அழகான ஏட்டில் முதல் பக்கத்தைக் கெடுக்கப் பயந்தே பலர் வரைவதில்லை. பக்கத்துப் புத்தகக் கடையில் கிடைக்கும் கோடு போடாத ஏ5 ஏடு, மென்மையான பென்சில் ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று போதும். அளவு நாடா இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் சாண் எவ்வளவு, ஓர் எட்டு எவ்வளவு என்று வீட்டிலேயே அளந்து ஏட்டின் உள்ளட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கடைவீதிகளில் 300 மில்லிமீட்டர் தரை ஓடுகளை எண்ணினாலே பாதி அளவு கிடைத்துவிடும். அஞ்சடி உண்மையில் ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர்தானா என்று உங்கள் ஊர்க் கடைவீதியில் அளந்து பாருங்கள், வியப்பு காத்திருக்கிறது. முதலில் தரைப்படம், பிறகு குறுக்குவெட்டு, நேரம் மிஞ்சினால் முகப்பு. நிழல் எங்கே விழுகிறது என்பதையும், பார்த்த நேரத்தையும் குறித்துவையுங்கள்.

ஆள் வாழும் வீடானால் வாசலில் நின்று முதலில் கேளுங்கள். கேட்காமல் வரைந்தால் நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பயந்துபோவார்கள். லயங்களில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அனுமதி கிடைத்ததும் உட்கார்ந்து, அவர்களுக்குத் தெரியும்படி ஏட்டைத் திருப்பிவைத்து வரையுங்கள். கதவை எங்கே போட வேண்டும் என்று அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.